முக்காலே மூணு வீசம் முழுகியவர்

கோயமுத்தூரில் பயந்தாங்கொள்ளிகளுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தால் தலைவர் பதவிக்குத் தேர்தலே வேண்டாம். எங்கள் மூணுவீசத்தார் போட்டியின்றி ஜெயித்துவிடுவார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதன் கால்களை நாலு தடவை ஆட்டிப் பார்ப்பார் என்பது வேறு விஷயம்.

கணபதியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ஷட்டர் அவருடைய மோட்டார் பட்டறை. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எதுவானாலும் செம்புக் கம்பியில் காயில் கட்டி ஓடவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பாருங்கள், தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற சாமானை வைத்துப் பிழைப்பு நடத்தியவருக்குத் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். மகன் வீட்டில் ஷவர் வைத்துக் கொடுத்தான். "மேல இருந்து கொட்டறது மழையோட போவட்டுங்க" என்று சொல்லி அதன் வாயில் துணி கட்டிவிட்டார்.

சும்மா வந்த பயமில்லை. வாலிபத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இறக்கப் போனவர், கயிறு நழுவி உள்ளே விழுந்திருக்கிறார். நீச்சல் தெரியாது. வலது கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, ஆள் வந்து தூக்குகிற வரைக்கும் தொங்கினார். அரை மணி நேரம் என்று சொல்வார். மனசு சரியில்லாத அன்றைக்கு அதே கதை அரை நாளாகிவிடும். அன்றிலிருந்து அந்த வலது கைக்குத் தனிப் புத்தி வந்துவிட்டது. தண்ணீரைக் கண்டால் சொந்தக்காரரைக் கேட்காமலே மேலே போய்விடும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தன்னுடைய ஞானஸ்நானத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், போதகர் ஐயா நெற்றியில் மூன்று முறை தண்ணீர் தெளித்துப் பெயர் சூட்டியாகிவிட்டது. எங்கள் சபையில் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நடந்ததை மறந்துவிட்டுச் சௌக்கியமாக இருந்தேன். ஆனால் அவருடைய மனைவி வேறு சபை. விவரம் தெரிந்த வயதில், மனந்திரும்பி, தலை முதல் கால் வரை முழுகினால்தான் செல்லும் என்கிற சபை. அந்த அம்மா மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் முழுகி எழுந்தவர். இரண்டு பேரும் இருபத்தைந்து வருஷம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அழகாகக் குடும்பம் நடத்தினார்கள். பிறகு ஒரு காய்ச்சலில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு வந்த சொந்தக்கார ஒறம்பரை ஒருவர், ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "அவங்க முழுகினவங்க, நேராப் போயிட்டாங்க. நீங்கதானுங்க இன்னும் தெளிச்சதோட நின்னுபோட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு தடவை ரசம் ஊற்றியது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

மறுநாள் காலையில் மூணுவீசத்தார் என் கடை வாசலில் நின்றார்.

"ஏனுங்க, அவ ஒரு வாசல்ல போயி, என்னைய வேற வாசல்ல நிறுத்திப்போட்டாங்கன்னா நான் என்னங்க பண்றது? அங்க ஆரைக் கேக்கறதுங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணிரண்டும் பயத்தில் வெளுத்துப் போயிருந்தன. அந்தச் சிரிப்புக்காக எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

மனைவியின் சபையிலேயே முழுகிவிடுவது என்று முடிவானது. அதே பவானி. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முழங்கால் தண்ணீரிலேயே நின்றுகொண்டு, "பாஸ்டருங்க, கழுத்து மட்டும் முழுகினாப் பத்தாதுங்களா? மீதியத் தெளிச்சுக்கலாமுங்க" என்று பேரம் பேசினார். பாஸ்டர் பேரத்துக்கு மசியவில்லை. கரையில் எல்லோரும் பாட்டைத் தூக்கினார்கள். பாஸ்டர் ஒரு கையால் முதுகைத் தாங்கி, ஒரே அமுக்காக அமுக்கினார்.

தலை போனது. தோள் போனது. வேட்டிகூடப் போனது. வலது கை மட்டும் போகவில்லை. தண்ணீருக்கு மேலே துழாவிய அந்தக் கைக்குப் பாஸ்டரின் கழுத்துப்பட்டி அகப்பட்டது. கிணற்றுப் பைப்பைப் பிடித்த அதே பிடி. மறு நொடி பாஸ்டரும் உள்ளே போனார். அன்றைக்கு ஒரு சல்லிப் பைசாப் பாவமும் பாக்கியில்லாமல் முழுசாக முழுகியவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கை முழுகலீங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

"அட ஏனுங்க, முக்காலே மூணு வீசம் முழுகியாச்சு. அதோட விடுங்க!" என்று, பதினாறில் பதினைந்து பங்குக் கணக்கைச் சொல்லி, நான் எரிந்து விழுந்தேன். பின் சீட்டில் எங்கள் தெருப் பால்காரர் இருந்ததை யார் கண்டது? காந்திபுரத்தில் இறங்குவதற்குள் மூணுவீசம் என்கிற பெயர் நிலைத்துவிட்டது. அதுவும் ஒருவகை ஞானஸ்நானம்தான். கொடுத்த பாவி நான்.

பாஸ்டர் நல்லவர். இன்னொரு முறை முழுகலாம் என்று கூப்பிட்டார். இவர் போகவில்லை. "மறுக்கா அந்தத் தண்ணிக்குள்ள போனா அங்கயே செத்துருவேனுங்க. செத்தா அந்த ஒரு கை நரகத்துக்குப் போயிருமுங்க" என்றார். முன்னால் போனால் தண்ணீர், பின்னால் போனால் நரகம். நடுவில் நின்றுகொண்டு, கோயமுத்தூரில் அங்கி போட்டவர் ஒருவர் விடாமல் விசாரிக்க ஆரம்பித்தார். சாயந்திரமானால் விசாரணை அறிக்கை என் கடைக்கு வந்துவிடும்.

கத்தோலிக்க ஃபாதர் ஒருவர், "சின்ன வயசுல குடுத்ததே செல்லும். ஒருத்தருக்கு ஒரு தடவைதான். தண்ணி தலையில பட்டு ஓடியிருந்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பினார். வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இவர் ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டு வந்து, "ஓடுச்சா, இல்லை சும்மா நனைஞ்சுதான்னு ஆரைக் கேக்கறதுங்க? பாத்தவங்க எல்லாரும் மண்ணுக்குள்ள போயாச்சு" என்றார். மலையாள ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் ஒருவரிடம், அவர்கள் பாஷையில் அச்சனிடம், போனார். அங்கே பச்சைக் குழந்தையையே தொட்டியில் மூன்று தரம் முக்கி எடுத்து, எண்ணெயும் பூசுவார்களாம். "எனக்கு எண்ணெய் பூசுனாங்களான்னு தெரியலீங்களே" என்று அதற்கொரு வாரம் கலங்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரும் சொல்லக் கூடாது, இயேசுவின் பெயர் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் கிளப்பிவிட்டார்கள். கடைசியில் தண்ணீரே வேண்டாம், உள்ளம் மாறினால் போதும் என்கிற சபையைக் கண்டுபிடித்தார். அன்று சாயந்திரம் மட்டும் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். காலையில் வந்து, "தண்ணியே இல்லாம எப்படிங்க? நெம்பப் பயமா இருக்குதுங்க" என்றார்.

தெளித்ததற்கு ஒன்று, முழுகியதற்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ்கள் வைத்திருந்தார். அவற்றைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். "ஓரத்துல நல்லா ஒட்டுங்க. போற வழியில ஆறு கீறு இருந்தாலும் இருக்குமுங்க" என்பார்.

இந்தப் பயம் தொற்று நோய். அது எனக்கும் வந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி ஷீலாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, ஒரு காலை வேளையில் ஆபரேஷன் செய்து பாப்பாவை எடுத்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஷீலாவுக்கும் தெரிந்தது. படுக்கையில் இருந்தபடியே என் சட்டையைப் பிடித்து, "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துருங்க. பேரில்லாம அனுப்பிறாதீங்க" என்றாள். நிவேதா என்று பெயர் முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

எங்கள் போதகர் ஐயாவுக்குப் போன் போட்டேன். அவர் காரமடையில் மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே தேர். "ரோடு பூராக் கூட்டம், தம்பி. தேர் நிலைக்கு வராம வண்டி நகராது. எனக்காகக் காத்திருக்காத. ஆபத்துக்கு யாரும் குடுக்கலாம், நீயே குடு" என்றார்.

நானா? என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்பது சுத்தமாக மறந்து போயிற்று. மாதம் தவறாமல் கோயிலில் கேட்கிற வார்த்தை! வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூணுவீசத்தார் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடோணுமுங்க" என்றார் உடனே. "தண்ணி தலையில பட்டு ஓடோணும். சும்மா நனைஞ்சாப் பத்தாது. மூணு தடவை. பேரைச் சொல்லோணும், மூணு நாமமும் சொல்லோணும். எண்ணெய் இல்லாட்டிப் பரவாயில்லீங்க."

"நீங்களே வந்து குடுங்க."

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் பின்வாங்கினார். "நானுங்களா? ஐயோ சாமி, என்ற ஞானஸ்நானமே செல்லுமான்னு தெரியாதுங்க!"

"சந்தேகத்துல இருக்கறவன் குடுக்கலாமான்னு அந்த ஃபாதரைக் கேட்டிருப்பீங்களே? என்ன சொன்னாரு?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அவசரத்துக்கு ஆரு வேணாலும் குடுக்கலாமுன்னாருங்க. ஞானஸ்நானமே வாங்காதவங்ககூடக் குடுக்கலாமாமுங்க" என்றார். தான் விசாரித்து வைத்ததே தன் கழுத்தைப் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

டாக்டர் அனுமதித்தார். பச்சை அங்கி மாட்டி, கையில் மருந்து தடவி, இருவரையும் உள்ளே விட்டார்கள். மலையாள சிஸ்டர் ஒருவர் காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரைச் சின்ன சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தார். "பேடிக்கண்டா அண்ணா, பயப்பட வேண்டாம். மெல்ல மெல்ல. ஒரு கை தலைக்குக் கீழே வெச்சோளு, பெட் நனையக் கூடாது" என்றார்.

கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் கை விடுவதற்கு இரண்டு துளைகள். சிரிஞ்சை வாங்கிய மூணுவீசத்தார் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷின் வேறு கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க?" என்றேன்.

"வலது கை முழுகாத கைங்க" என்றார். "முழுகினது இடது கைங்க. இடது கையில போயி எப்படிங்க பாப்பாவுக்கு..."

"எந்தக் கையா இருந்தா என்னய்யா! ஊத்துங்க!" வாழ்நாளில் முதல்முறையாக அவரை 'ய்யா' போட்டுக் கத்தினேன்.

சிரிஞ்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை ஒரு துளை வழியாக விட்டு, பாப்பாவின் தலைக்குக் கீழே வைத்தார். அவர் உள்ளங்கையில் பாதிதான் இருந்தது அந்தத் தலை. தண்ணீர் பக்கத்தில் வந்தும் அந்தக் கை மேலே போகவில்லை. அசையவேயில்லை.

"கண்ணு, இடது கையின்னு நெனைச்சுக்காத அம்மணி" என்றார் முதலில். அப்புறம், "நிவேதா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று ஒரு சொல் தடுக்காமல் சொன்னார். ஒவ்வொரு நாமத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் தலையில் பட்டு ஓடியது. நான் பார்த்தேன். பாப்பா முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

வெளியே வந்ததும் வலது கையை முன்னால் நீட்டியபடியே நின்றார். துடைக்கத் துண்டு கொடுத்தேன், வாங்கவில்லை.

"என்னங்க, கை சுளுக்கிருச்சா?"

"இல்லீங்க" என்றார். "நனைஞ்சிருச்சுங்க."

பாப்பாவின் தலையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் உள்ளங்கையில் தேங்கியிருந்தது. நான் அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சாயந்திரம் போதகர் ஐயா தேர்ப் புழுதியோடு ஓடி வந்தார். "தண்ணி ஓடுச்சா? மூணு நாமமும் சொன்னீங்களா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்தேன். செல்லாது என்று சொல்லிவிடுவாரோ? "அப்ப முடிஞ்சது. மறுபடி குடுக்கக் கூடாது" என்றார். மூணுவீசத்தார் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு போதகரிடம் மறுகேள்வி கேட்கவில்லை.

அடுத்த ஒன்றரை மாதம் நாங்கள் பட்ட பயத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. ஒவ்வொரு போனும் எமன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆனால் பாப்பா வீடு வந்து சேர்ந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறாள். கோயிலில் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தபோது, 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்கிற இடத்தில் மூணுவீசத்தாரின் சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் இருந்த பழைய இரண்டையும் எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டு, இதை வைத்துக்கொண்டார்.

"அந்த வாசல்ல கேட்டா இதைக் காட்டிக்கறேனுங்க" என்றார்.

இப்போது பட்டறையை மூடிவிட்டு, பெருந்துறையில் கம்பெனி வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நிவேதாவிடம் பேசப் போன் வந்துவிடும். ஒன்பது ஐந்தாகி மணி அடிக்காவிட்டால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. கையில் சீட்டு இருக்கிற தைரியத்தில், அவசரப்பட்டு அந்த வாசலுக்குக் கிளம்பிவிட்டாரோ என்று.