பன்னிரண்டு பேர் விசாரித்த ஒயர்

உலகத்தில் பொருளை வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலவுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு விசாரிக்கிறவர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நிற்பார், தனக்கு வேண்டிய பொருளின் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார், அதற்கு அடுத்தாற்போல் இருப்பதை எடுத்துத் தட்டி, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, வெளியே போகிற மாதிரி இரண்டடி வைத்து, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி, "ஆமா, அது என்ன விலை?" என்பார். கடைக்காரர் சொல்வார். இவர் "சரி" என்று போய்விடுவார். வாங்கவா வந்தார்? விசாரிக்க வந்தார்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஆள் ஒருவர் இருக்கிறார். கண்ணாடிக் கடையில் கண் அளந்து சொல்கிற வேலை. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்ததா?" என்று இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர். அந்தக் கேள்வி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சட்டை, தலையணை, மழை, எதைக் காட்டினாலும் இதைவிடத் தெளிவாக இன்னொன்று எங்காவது இருக்கும் என்பார். அவருக்குத் துல்லியம் என்று பெயர் வைத்தது மனைவியின் அண்ணன். வைத்த நாளிலிருந்து சொந்தத்தில் யாரும் அவருடைய சொந்தப் பெயரைத் தொடவில்லை.

துல்லியத்துக்கு ஒரே ஒரு அக்காள், தூரத்து ஊரில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "தொட்டில் என் பொறுப்பு" என்று தாய்மாமன் வாயை விட்டார். விட்டவர் விசாரிக்க ஆரம்பித்தார். தேக்கா, பிரம்பா, கம்பி வைத்ததா, வைக்காததா என்று பதினாலு மாதம் விசாரித்து, கடைசியில் ஒன்றை அனுப்பி வைத்தார். அக்காள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தொட்டில் வந்துச்சுடா. புள்ளையே ஓடிப்போய்க் கதவைத் திறந்து வாங்கிச்சு." வைத்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒரு பேச்சு இல்லை. இவர் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

இப்படி இருக்கையில், அப்பா இருந்த வீட்டுப் பரணைக் காலி செய்யும்போது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும், அதற்குத் தோதான முதுகு பெருத்த டிவியும் கிடைத்தன. மனைவி அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். போட்ட அரை மணியில் போன் அடித்தது. அக்காள்.

"டேய், அந்தத் தவளைப் பெட்டியா அது?"

"ஆமாக்கா."

"வர்ற சனிக்கிழமை உங்க ஊர்ல ரயில் மாறுறேன். ரெண்டு மணிக்கு வருவேன், அஞ்சுக்குக் கிளம்பணும். எடுத்து வை. ஆடலாம்."

அவ்வளவுதான் பேசினாள். துல்லியம் போனைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

தவளை ஆட்டம் என்பது இரண்டு பேர் ஆடுவது. இரண்டு தவளைகள் ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். ஏழாவது மாடியில் ஒரு பலகை. இரண்டும் ஒரே நொடியில் குதித்தால்தான் அது தாங்கும். சின்ன வயதில் அக்காளும் தம்பியும் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க முயன்று, அந்தப் பலகையைத் தாண்டாமலே வளர்ந்துவிட்டார்கள்.

பெட்டியோடு மஞ்சள் மூக்கு வைத்த சாதாரண ஒயர் ஒன்றும் கிடந்தது. மாட்டினார்கள். படம் வந்தது, சத்தம் வந்தது, தவளை குதித்தது. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் துல்லியம் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"ஓரம் மழுங்கி இருக்கு."

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"தவளைக்கு."

"தவளை பச்சையா இருக்கு, சுவர் மஞ்சளா இருக்கு. தவளைக்கு ஓரம் எதுக்குங்க?"

"அக்கா மூணு வருஷம் கழிச்சு வர்றா. அவ கண்ணுக்கு முன்னால மழுங்கின தவளையைக் காட்டச் சொல்றியா?"

எங்கெங்கோ படித்து, அவரே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இந்தப் பெட்டிக்கென்றே வேறொரு ஒயர் உண்டாம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகப் போகுமாம். முனையில் சீப்பு மாதிரி இரண்டு வரிசைப் பல்லாம். செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டதாம். செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்ற சொல்லைக் கேட்டால் விசாரிக்கிறவர் உடம்பில் ரத்தம் எப்படி ஓடும் தெரியுமா? கண் அளக்க வந்தவர்களையெல்லாம் கேட்டார். மோவாயை மெஷினில் வைத்து அசையாமல் இருக்கிற ஆள் என்ன பதில் சொல்ல முடியும்? ஒருவர் மட்டும், மேலிருந்து மூன்றாவது வரி வாசிக்கிறபோதே, மார்க்கெட் பின்புறம் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் இருக்கிறார், அவரிடம் இருக்கலாம் என்றார்.

வாங்குகிறவனாக இருந்தால் அன்று சாயங்காலமே போயிருப்பான். துல்லியம் போகவில்லை. "என் முகத்துலயே ஆசை தெரியும். பார்த்ததும் விலையை ஏத்திடுவார்" என்று சகலையை அனுப்பினார். சகலை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், போகிற வழிதான். "என் பேரைச் சொல்லாதீங்க. சும்மா விசாரிங்க, போதும்."

சகலை திரும்பி வந்தார். "இருக்கு மாப்ளே. அந்த ஒயரை வச்சுத்தான் ஜன்னலைக் கட்டி இருக்கார். வேணும்னா அவுத்துட்டுப் போங்க, காசெல்லாம் வேணாம்னார்."

"அவுத்துட்டு வந்தீங்களா?"

"விசாரிக்கத்தானே சொன்னீங்க?"

துல்லியம் யோசித்தார். சும்மா தருகிறாரா? அப்படியானால் அதில் ஏதோ கோளாறு. மறுநாள், கோளாறு உண்டா என்று பார்த்துவரச் சகலையின் தங்கை புருஷனை அனுப்பினார். அவர் போன் உறை விற்கிறவர், ஒயர் தெரிந்தவர். கோளாறு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் ரிப்பேர்க்காரர் இப்போது ஒரு டீ வாங்கித் தரச் சொல்கிறார் என்றார். நேற்று சும்மா, இன்றைக்கு டீயா? இதில் என்ன சூது என்று தெரிந்துவர மனைவியின் அண்ணன் வெள்ளை ஸ்கூட்டரில் போனார். ஒரு ஜோடி செருப்பு விலைக்கு வந்திருந்தது. ஆண்கள் போனால் ஏற்றுகிறார் என்று மனைவி குடையோடு போனாள். அது தெரியாமல் அதே நேரத்தில் பெரியம்மா மகனும் போயிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் தெரியாததுபோல் நின்றார்களாம், கட்டளை அப்படி. இருவர் ஒரே நேரத்தில் வந்து ஒரே ஒயரைக் கேட்டதும் ரிப்பேர்க்காரர் அதை ஜன்னலிலிருந்து அவிழ்த்து, துடைத்து, கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டார். விலை இஸ்திரிப் பெட்டிக்கு ஏறியது.

மனைவியின் சித்தி காதில் விஷயம் விழுந்தது. அவள் காதில் விழுந்தால் அவளுடைய நாத்தனார் காதில் விழும், நாத்தனாரின் சம்பந்தி காதில் விழும். எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். மார்க்கெட் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்து, "எங்க மாப்பிள்ளைக்கு" என்று வாய்வரை வந்ததை விழுங்கி, "சும்மா கேட்டேன்" என்று வந்தார்கள். வியாழக்கிழமை ஒயர் ஒரு சைக்கிள் விலை. வெள்ளிக்கிழமை தையல் மெஷின்.

"பாத்தியா," என்றார் துல்லியம் மனைவியிடம். அவர் முகத்தில் வருத்தத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. "அரிய பொருள். விலை எப்படி ஏறுது பாரு. உள்ள செம்பு மட்டும் இல்ல, வெள்ளி கலந்திருக்கணும்."

"அந்தக் காசுக்கு உங்க அக்காவுக்கு நல்ல தொட்டிலா வாங்கி அனுப்பி இருக்கலாம்," என்றாள் அவள். "அடுத்த பேரனுக்கு."

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றே கால். விலை இறங்கும் என்று கடைசிவரை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் துல்லியமே போனார். படிக்கட்டுக்கு அடியில், குனிந்தால்தான் நுழைய முடிகிற கடை. குடல் வெளியே தொங்கும் ரேடியோக்கள், ஈய வாசனை. ஜன்னலில் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. துல்லியம் வழக்கப்படி ஒரு உடைந்த ஸ்பீக்கரைத் தடவினார். உதட்டைப் பிதுக்கினார். இரண்டடி வெளியே வைத்தார்.

"ஒயருதானே?" என்றார் ரிப்பேர்க்காரர், தலையைத் தூக்காமல்.

"இல்ல, சும்மா..."

"எல்லாரும் சும்மாத்தான் கேக்கறாங்க. ஊரே இதுக்கு அலையுது சார். என்ன மாயமோ தெரியல. முதல்ல ஒரு வேன்காரர் வந்தார், பெரிய மீசை."

சகலை, என்று துல்லியம் மனசுக்குள் எண்ணினார்.

"அப்புறம் கழுத்துல பத்துப் போன் உறையை மாட்டிக்கிட்டு ஒரு ஆள். அப்புறம் மொட்டைத் தலை, வெள்ளை ஸ்கூட்டர். குடை வச்ச ஒரு அம்மா, கோவக்காரங்க மாதிரி இருந்தாங்க."

"அவ்வளவு கோவக்காரி இல்ல," என்றார் துல்லியம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பொதுவாச் சொன்னேன்."

"அதே நேரத்துல நெட்டையா ஒரு பையன். அப்புறம் காது கேக்காத பெரியவர் ஒருத்தர் வந்து அரை மணி நேரம் வேற எதையோ கேட்டார்." அது மாமனார். "பதினொரு பேர் சார். நீங்க பன்னிரண்டு. பன்னிரண்டு பேர் கேக்கற பொருளை நான் ஜன்னல்ல கட்டி வச்சிருந்தேனே, நினைச்சா வயிறு எரியுது."

உண்மையைச் சொன்னால் விலை இறங்கும் என்று துல்லியத்துக்குத் தோன்றியது. தோன்றி இருக்கக்கூடாது.

"ஐயா, அத்தனை பேரும் எங்க சொந்தக்காரங்க. எனக்காகக் கேட்டவங்க. ஊரெல்லாம் அலையல. ஒரே ஆளுதான்."

ரிப்பேர்க்காரர் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். முதல் தடவையாக நிமிர்ந்து இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினொரு பேரை அனுப்பி இருக்கீங்க."

"ஆமா."

"அப்ப இது உங்களுக்கு எவ்வளவு அவசியமா வேணும்!"

தையல் மெஷின் விலை அங்கேயே விடைபெற்றது. அதற்குப் பிறகு நடந்தது இரண்டு மணி நேரப் பேரம். கடைசியில் துல்லியம் எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். கொடுத்தார். ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ கிடைக்காமல், பாதி ஓடியும் பாதி நடந்தும் வீடு வந்தபோது மணி நாலே கால்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில், டிவிக்கு முன்னால் தரையில், அக்காளும் மனைவியும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் மூக்கு ஒயரில் தவளைகள் குதித்துக்கொண்டிருந்தன. அக்காளின் தலை முன்பைவிட நரைத்திருந்தது. அவள் திரும்பவில்லை.

"வந்துட்டியா? ஏழாவது மாடி. உன் பொண்டாட்டி நல்லா ஆடுறா, பலகைகிட்ட மட்டும் பயந்துக்கறா."

"என் தவளை நாலு தடவை தண்ணில விழுந்துடுச்சு," என்றாள் மனைவி. "இந்தாங்க, நீங்க பிடிங்க."

துல்லியம் நின்றார். டிவியைப் பார்த்தார். ஓரம் மழுங்கித்தான் இருந்தது. கை பைக்குள் போனது.

"அக்கா, ஒரே நிமிஷம். இந்த ஒயரை மாட்டிட்டோம்னா படம் அப்படியே..."

"மாட்டணும்னா பெட்டியை அணைக்கணுமா?"

"ஆமா."

"அணைச்சா மறுபடியும் முதல் மாடிதானே?"

அந்தக் காலத்துப் பெட்டி. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். துல்லியம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. முதல் மாடியிலிருந்து ஏழுக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும்.

"உன் இஷ்டம்டா," என்றாள் அக்காள். குரலில் கோபம் இல்லை. தொட்டில் வந்த அன்றைக்கும் இதே குரல்தான்.

அவர் கண், தவளையின் மழுங்கிய ஓரத்துக்கும் அக்காளின் காதோர நரைக்கும் நடுவே இரண்டு தடவை போய்வந்தது. இது தெளிவா, அது தெளிவா? பிறகு பையைச் செருப்புப் பலகைமேல் வைத்துவிட்டு, முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, அக்காள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மூணு சொல்லும்போது குதி," என்றாள்.

"மூணு சொல்லும்போதா, சொன்ன பிறகா?"

"சொல்லும்போதுடா. இதையும் யார்கிட்டயாவது விசாரிக்கணுமா?"

ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர். மறுபடி. தண்ணீர். அக்காள் இவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். மூன்றாவது தடவை இரண்டு தவளையும் பலகைமேல் பொத்தென்று ஒன்றாக விழுந்தன, பலகை தாங்கியது, எட்டாவது மாடி திறந்தது. அங்கே என்ன இருந்தது என்கிறீர்கள்? அதே சுவர், நிறம் மட்டும் நீலம். அதற்கா இத்தனை வருஷம் என்று அக்காள் சிரிக்க ஆரம்பித்தாள், தம்பி சிரித்தார், ஏன் என்று தெரியாமல் மனைவியும் சிரித்தாள், மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துல்லியத்துக்கு அன்றைக்கும் சளி.

ஐந்து மணிக்கு அக்காள் செருப்பை மாட்டினாள். செருப்புப் பலகைமேல் இருந்த பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ ஒயர்னியே, இதுவா? நல்லாத் தெரியுமா இதுல?"

"ரொம்பத் துல்லியமா இருக்குமாம்."

"என் பேரனுக்கும் இந்த மாதிரி ஒரு பெட்டி எடுத்து வச்சிருக்கேன். அங்க கிடைக்குதான்னு மருமகன்கிட்ட கேக்கச் சொல்றேன். நீயும் இங்க சும்மா விசாரிச்சு வை. ஊருக்குப் போய்ப் பேசறேன், போனை எடு."

போய்விட்டாள். அந்த ஒயர் இன்றைக்கும் பையைவிட்டு வெளியே வரவில்லை. படிக்கட்டுக்கு அடியிலோ, ரிப்பேர்க்காரர் தன் கடையில் இருக்கும் பழைய ஒயர்களையெல்லாம் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டார் என்று கேள்வி.

போகட்டும், இவ்வளவும் படித்தீர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். தவளைப் பெட்டி உங்களிடம் இல்லை. முதுகு பெருத்த டிவி இல்லை. அந்த ஒயரால் உங்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. இருந்தும், கடைசியில் அவர் என்னதான் கொடுத்தார் என்று மனசின் ஓரத்தில் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறதா இல்லையா? அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது, வாங்குவதற்கு இல்லை, சும்மா, என்ன விலை சொல்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லலாமே என்று தோன்றுகிறதா?

தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். அங்கே ஒருவர் பதிமூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்.