டிரங்க்கால் சார் கேட்ட மனித வரலாறு

மனித குலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய அத்தனை பேரையும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, டிரங்க்கால் சார்தான்.

தொண்ணூற்று மூன்றில் நான் திண்டிவனத்துக்கு வேலைக்கு வந்தபோது அவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் அவர்தான் இணைப்பார். மூன்று நிமிஷம் முடிந்ததும் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ட் பண்ணலாமா?" என்பார். ஒருமுறை நான் என் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியோடு புத்திமதியும் சேர்ந்து வந்தது. "சார், மூணு நிமிஷமா நல்லாருக்கியா, நல்லாருக்கியான்னே கேட்டுக்கினு இருக்கீங்க. விஷயத்துக்கு வாங்க." என் அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் விழுப்புரத்துக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்துக்குத் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன்.

"வூட்ல மிக்சி, டிவி, அதுக்கு மேல பேரன். ஒண்ணும் கேக்க முடியல சார். ரயிலு சத்தம் ஒரே மாதிரி இருக்கும். காது அதத் தள்ளி வெச்சிடும்."

ரயிலில் அவர் கேட்டது ஒலிப்புத்தகங்கள். பிரபஞ்சம், மூளை, மரபணு, மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே போகிறான் என்று ஆங்கிலத்தில் தடிதடியாகப் புத்தகங்கள் வருமே, அவற்றை யாரோ வாசித்துப் பதிவு செய்தவை. ஆபரேட்டர் உத்தியோகத்தில் பழகிய ஆங்கிலம் என்பதால் கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதே அவருக்கு லேசாக வந்தது. அவற்றைத் தேடிப் பிடித்து அவருடைய செல்போன் கார்டில் ஏற்றித் தருவது என் வேலை.

பழைய பழக்கம் அவரை விடவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை போனை நிறுத்திவிட்டுப் பெட்டிக்கே அபிப்பிராயம் சொல்வார். எங்கள் பெட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் மேரியக்கா உட்பட யாரும் தப்ப முடியாது.

மூளைப் புத்தகத்துக்கு, "மூளையே ஒரு முடிவு எடுத்துட்டு அப்பறமாத்தான் நம்மகிட்ட சொல்லுதாம். எங்க மேலதிகாரி அப்படித்தான் இருந்தாரு." மரபணுப் புத்தகத்துக்கு, "என் கோவம் எங்கப்பாகிட்டேர்ந்து வந்துதாம். இத என் வூட்டுக்காரம்மா கல்யாணமான மறுநாளே கண்டுபுடிச்சிட்டா." பிரபஞ்சத்தைப் பற்றி எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. "தெரியலன்னு நாலு எடத்துல ஒத்துக்கறான் சார். யோக்கியன்."

எல்லாப் புத்தகத்தின் மேலும் அவருக்கு ஒரே ஒரு தீராத புகார் இருந்தது. "கடைசி அத்தியாயத்துல எல்லாரும் பயமுறுத்திட்டுப் போயிட்றாங்க. கடல் ஏறும்ங்கறான், மெஷினு ஆளும்ங்கறான். இவ்ளோ நேரம் கூட உக்காந்து கேட்டவனுக்கு இதான் மரியாதையா? நல்லபடியா முடிக்கற ஒருத்தன நான் கண்டுபுடிக்காம வுடப்போறதில்ல."

ஒரு நாள் கண்டுபிடித்தே விட்டார். நான் ஏற்றித் தந்த, இருபது பாகம் கொண்ட ஒரு மனித வரலாறு. பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"மனுஷன் கப்பல் வுடறான், குண்டு போடறான், நிலாவுக்கே போறான். மெஷினுக்கு மூளை வெக்கறான். அதுக்கப்பறம்தான் சார் நெருப்பு மூட்டிக் குளிர் காயறான், நாய் வளக்கறான், கடைசில ஒரு எடத்துல உக்காந்து வெதை வெதைக்கறான். அதோட முடிச்சிட்டான். எப்பேர்ப்பட்ட முடிவு பாருங்க."

"நிலாவுக்குப் போயிட்டு வந்து வெதைச்சானா?" என்று மேரியக்கா கேட்டார். "பரவால்ல, புத்தி வந்துகீது."

விழுப்புரத்தில் நூலகத்தின் வாசகர் வட்டம் ஒன்றில் எனக்குப் பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இவருக்குப் பத்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தேன். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஊரு பேசறத இணைச்சி வுட்டேன் சார். நான் பேசி பத்து பேரு உக்காந்து கேட்டதில்ல. இந்த ஒரு தடவ பேசிடணும்."

அவரை அறிமுகப்படுத்த வேண்டுமே என்று நானும் அந்தப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் கேட்டேன். இரண்டாம் பாகத்தில் மனிதன் எழுந்து நிற்கிறான். மூன்றாம் பாகத்தில் நெருப்பு. ஒன்பதில் விதைக்கிறான். பத்தொன்பதில் நிலா. இருபதில் மெஷின் வந்து வழக்கம்போலப் பயமுறுத்திவிட்டு முடிகிறது. ஒன்று, இரண்டு என்று பேர் வைத்துக் கார்டில் ஏற்றியவன் நான்தான். அவருடைய போன் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து, ஒன்றுக்குப் பிறகு பத்து முதல் பத்தொன்பது வரை வைத்து, அப்புறம் இரண்டு, இருபது, கடைசியில் மூன்று முதல் ஒன்பது என்று அடுக்கியிருக்கிறது.

சொல்லாமல் விட்டால் சபையில் சிரிப்பார்கள். வியாழக்கிழமை ரயிலில் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப கடைசில புத்தி வர்லியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். வெதைச்சது முன்னாடி. நிலா பின்னாடி."

முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் வரை போனில் பாகங்களின் எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம். தப்பு கனெக்‌ஷன் ஆயிட்டா அத எடுத்துட்டு மறுபடி போடணும் சார். லைன வுட்டு ஓடக் கூடாது. இன்னும் ரெண்டு நாள் கீது. வரிசையாக் கேட்டுட்றேன்."

வெள்ளியும் சனியும் எந்த ரயில் வந்தாலும் ஏறி, போய்ப் போய் வந்தார். அந்த இரண்டு நாளில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு அபிப்பிராயம் வரவில்லை என்று மேரியக்கா கவலையோடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் கூடையோடு மேரியக்கா. டிரங்க்கால் சார் இஸ்திரி போட்ட சட்டையில் மைக் முன்னால் நின்றார்.

"நான் இந்தப் புஸ்தகத்த மொதல்ல தப்பு வரிசையில கேட்டுட்டேன்" என்றுதான் ஆரம்பித்தார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, போன் போட்ட வரிசையிலேயே கதை முழுவதையும் சொல்லி முடித்தார். "அப்பறம் சரியான வரிசையில கேட்டேன். எழுதனவரு சொல்றது அத்தனையும் நெஜம். நான் மறுக்கல. ஆனா அது இதுவரைக்கும் நடந்த வரிசைதான். இனிமே நடக்க வேண்டியதுக்கு என் போன் போட்ட வரிசைதான் சரி. போனதெல்லாம் போதும்னு திரும்பி வந்து, நெருப்பச் சுத்தி உக்காந்து, கையில வெதைய எடுத்துக்கினு..."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அமைப்பாளர் மணியைத் தட்டினார். பத்து நிமிஷம் முடிந்திருந்தது. அடுத்தவர் நேரத்தை ஒருநாளும் எடுக்காத மனிதர், பாதி வாக்கியத்தில் அப்படியே நிறுத்திவிட்டு மைக்கை விட்டு நகர்ந்தார்.

நான் எழுந்து நின்றேன். "எக்ஸ்டென்ட் பண்ணலாமா?" என்று கேட்டேன். அமைப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "பேசட்டும்ங்க, பாதில வுட்டா எப்படி?" என்று பின்னாலிருந்து மேரியக்காவின் குரல் வந்தது. அமைப்பாளர் மணியைக் கீழே வைத்தார்.

முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் அவர் கேட்ட கேள்வியை அவருக்காக ஒருவர் கேட்டது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது.

"பேசுங்க சார், லைன்ல இருக்கோம்" என்றேன். இன்றும் இருக்கிறேன்.