முப்பத்தொரு பாம்புகளின் உறுதுணை

ஒரு காட்டில் செங்கோடன் என்றொரு கீரி வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. வீட்டில் நாலு குட்டிகள், நாலுக்கும் அகோரப் பசி. அந்த நேரம் பார்த்து, சிங்கத்தின் குகைக்குப் பாம்புத் தடுப்பு ஆய்வாளர் தேவை என்று அறிவிப்பு வந்தது.

கீரி தன் கையாலேயே எழுதிப் போட்டது: "ஐயா, பாம்பு பிடிப்பேன். இதுவரை முப்பத்தொன்று. இப்படிக்கு, செங்கோடன்."

விண்ணப்பங்களைப் பார்த்த கரடி அதிகாரி உதட்டைப் பிதுக்கியது. "ரெண்டே வரியா? ஆர்வமே இல்லையே!"

வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஒரு நல்ல பாம்புக்கு. குரங்கின் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஏஐயிடம் இரண்டு பக்கக் கடிதம் எழுதி வாங்கியிருந்தது அது. "பாம்பின் கால் பாம்பறியும் என்பதால் இப்பணிக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை" என்று அதில் ஒரு வரி. கரடி அதை மூன்று முறை படித்து உருகிப்போனதாம். காட்டு நிர்வாகத்தை இதற்குமேல் நான் திட்ட விரும்பவில்லை.

கீரி வயிறெரிந்து கிடந்தது. அதன் மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்தப் பாம்புக்கு உதவியாளர் வேணுமாம். இந்தத் தடவையாச்சும் மெஷின்ல எழுதிப் போடுங்க."

"பாம்புகிட்டயா நான் கைகட்டி நிக்கணும்?"

"பிள்ளைங்களுக்கு உங்க கௌரவத்தையா ஆக்கிப் போடுறது?"

கீரி போயிற்று. ஏஐயிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முப்பத்தொரு பாம்பு, அவ்வளவுதான். ஏஐ எழுதித் தந்தது: "பாம்புகள் மீது எனக்குச் சிறுவயது முதலே தீராத ஈடுபாடு. முப்பத்தொரு பாம்புகளின் கடைசித் தருணங்களில் அருகிலேயே இருந்தவன் நான்."

நேர்முகத் தேர்வில் கீரியைக் கண்டதும் பாம்பு படமெடுத்தது. பிறகு கடிதத்தைப் படித்தது. படம் சுருங்கியது, கண் கலங்கியது.

"தம்பி, என் சொந்தக்காரனுங்ககூட இப்படிக் கூட இருக்க மாட்டானுங்க. உன்னைப்போய்ச் சந்தேகப்பட்டேனே! எப்போ வேலையில சேருறே?"

"இப்பவே சேர்ந்துக்கிறேங்க," என்றது கீரி.

அன்று கீரி வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுநாள் கரடி வந்து பார்த்தபோது ஆய்வாளர் நாற்காலி காலியாக இருந்தது. பணிமூப்பில் அடுத்து நின்றது கீரி மட்டும்தான். கரடி விதிப்படி அதற்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டுப் போயிற்று.

நீதி: உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது, அதே உண்மையைக் கண்ணீர் வரும்படி சொன்னால் மேலதிகாரியின் வேலையே கிடைக்கும்.