இதுக்குமுன்னே அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் யாரையும் நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க விடாத ஒரே மனிதர் இதுக்குமுன்னே அண்ணாச்சிதான். எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீசின் ப்ரோகிராமர். எதிரே வந்து நின்றால் முதல் கேள்வி, "இதுக்கு முன்னே என்ன செஞ்சிட்டிருந்த?" பதில் சொன்னால், "சரி, அதையே போய்ச் செய்யி" என்று அனுப்பிவிடுவார். மேனேஜரையே இப்படிப் பாத்ரூமுக்குத் திருப்பி அனுப்பியவர்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது என்னால். கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து விழுந்து டைப் அடிக்கிற என் வலது கை வீணாகிப்போனது. இடது கையால் மவுஸ் மட்டும் பிடிக்கலாம். "திங்கட்கிழமை ஒரு பக்கம் டைப் பண்ணிக் காட்டுங்க. முடியலேன்னா வேற ஆளைப் பார்க்கணும்" என்றார் மேனேஜர். அண்ணாச்சி விடுவாரா? திரையிலேயே பெரிய எழுத்துகளோடு எனக்கென்று ஒரு கீபோர்டு செய்தார்.

மவுஸால் 'க'வை அமுக்கினேன். திரையில் திறந்து வைத்திருந்த கடிதத்தில் ஒன்றும் விழவில்லை. அமுக்கிய நொடியே கம்ப்யூட்டரின் கவனம் கடிதத்தை விட்டுக் கீபோர்டுக்கு வந்துவிடுகிறது. இவள் இதுக்கு முன்னே எதில் இருந்தாள் என்று கீபோர்டு தேடினால், அகப்படுவது அதுவேதான். எழுத்தைத் தானே விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. அன்றிலிருந்துதான் அண்ணாச்சி எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

"விட்டுடுங்கோ அண்ணாச்சி. கரமனையில அப்பளம் இட்டுப் பிழைச்சுக்கறேன்."

"ஒத்தக் கையாலயா? சும்மா கெட."

சனிக்கிழமை டீக்கடைக்காரரைப் பிடித்தார். "இதுக்கு முன்னே என்ன செஞ்சிட்டிருந்தீரு?"

"நீங்க வாறதப் பாத்துட்டு நின்னேன் சாரே."

"அதுக்கும் முன்னே?"

"நீங்க வந்தா பின்னே வேற எதாவது ஞாபகத்துல நிக்குமா?"

அண்ணாச்சி டீயை அப்படியே வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. கவனம் எங்கெங்கே போகிறது என்று கீபோர்டு முதலிலிருந்தே குறித்துக்கொண்டு வரவேண்டும். தன்னை மட்டும் அந்தக் குறிப்பில் சேர்க்கவே கூடாது.

திங்கட்கிழமை, மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்க, 'க' கடிதத்தில் போய் உட்கார்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழுப் பக்கமும் அடித்தேன். "நாளைக்கும் வந்துடுங்க" என்ற மேனேஜர், "யார் செஞ்சது இது?" என்று திரும்பினார்.

"இதுக்கு முன்னே என்ன செஞ்சிட்டிருந்தீங்க சார்? அதைப் போய்ப் பாருங்க" என்றார் அண்ணாச்சி.

அந்தக் கீபோர்டில் எங்கே தேடினாலும் செய்தவர் பெயர் இல்லை. இதையும் அதில்தான் எழுதுகிறேன். அதனால் முதல் வேலையாக அவர் பெயரைத் தலைப்பில் அடித்துவிட்டேன்.