ஏறுமுகம் அங்கிள் விரலைத் தூக்காத நாள்

டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் தமிழர்கள் எடுத்த தவறான முடிவுகள் அத்தனைக்கும் பின்னால் ஒரே ஓர் ஆள்காட்டி விரல்தான் இருந்தது. அது எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஏறுமுகம் அங்கிளுடையது.

நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பக்கத்திலிருக்கும் லாஸ் கொலினாஸில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது முழங்காலை லேசாக இழுத்துக்கொண்டு சாயங்காலங்களில் பார்க்கிங்கைச் சுற்றி வருவார். யார் எதைப் பற்றி யோசனை கேட்டாலும் கண்ணைச் சுருக்கி, விரலால் காற்றில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுப்பார். "ஏறுமுகம்" என்பார். ஆலோசனை அவ்வளவுதான்.

எதிர் பிளாக் பையன் நல்ல வேலையை விட்டுவிட்டுப் புதுக் கம்பெனிக்குப் போகலாமா என்று கேட்டான். கோடு ஏறியது. அவன் சேர்ந்த வேகத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாடி வீட்டுத் தம்பதி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் ஆரம்பிக்கலாமா என்றார்கள். கோடு ஏறியது. ஆரம்பித்த கையோடு அதே தெருவில் இன்னும் இரண்டு டேகேர் முளைத்தன. சித்திரை பிக்னிக் அன்று வெயில் எப்படி என்று கேட்டதற்கும் கோடுதான். அன்று விழுந்த ஆலங்கட்டியில் எங்கள் கார் கூரைகளெல்லாம் பணியாரக் கல் மாதிரி குழி விழுந்துவிட்டன. இத்தனைக்கும் பிறகு ஜனங்கள் ஏன் அவரிடமே போய் நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

நான் ஐ.சி.யு. நர்ஸ். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆவதற்கான படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷப் படிப்பு. இருக்கிற வேலையை விட்டாக வேண்டும். என் கணவரின் வேலையோ இன்றைக்கா நாளைக்கா என்று ஆடிக்கொண்டிருந்தது. படித்து முடித்தால் சம்பளம் எப்படி இருக்கும்? ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர்கள் போதவில்லை, உங்களுக்கு அள்ளிக் கொடுப்பார்கள் என்றாள் ஒரு தோழி. எல்லாரும் இதையே படிக்கிறார்கள், சம்பளம் படுத்துவிடும் என்றாள் இன்னொருத்தி. இனிமேல் மெஷினே மயக்கிவிடும் என்றார் கணவர். சென்னையிலிருந்து மாமியார், "மயக்கறதுக்கு மூணு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, போனை உடனே மகனிடம் கொடுக்கச் சொன்னார். மருந்தைத் தொடுவதற்கு முன்பே எனக்குத் தலை சுற்றியது.

கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கீழ்வீட்டு அங்கிள்கிட்ட மட்டும் கேட்டுடாத. அவர் கோடு போட்டார்னா நம்ம கதை கந்தல்."

பின்பக்கப் படிக்கட்டு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தேன். கடைசியில் லாண்ட்ரி ரூமில் மாட்டிக்கொண்டேன். மயக்க மருந்துப் படிப்பாமே என்று அவரே ஆரம்பித்தார். பாழாய்ப்போன என் வாய் சும்மா இருக்கவில்லை; பிற்பாடு சம்பளமெல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டது.

கண்ணைச் சுருக்கினார். விரல் கிளம்பியது. பாதியில் நின்றது. கையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, "தெரியலம்மா" என்றார்.

வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும்வரை விவாதித்தோம். ஏறுமுகம் என்றால் உருப்படாது, அது தெரிந்த விஷயம். தெரியலை என்றால் என்ன அர்த்தம்? நல்லதா, அதைவிடக் கெட்டதா? குழப்பம் தாங்காமல் மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி நேரடியாகவே கேட்டேன்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தாம்மா வர்றாங்க" என்றார். "உள்ளுக்குள்ள பயம். யாராவது சரின்னு சொல்லணும். நான் ஒரு கோடு போடறேன், தைரியமா போறாங்க. அதுல எனக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் போடல?"

முழங்காலைத் தடவினார். "இதுக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு. மயக்க மருந்து குடுத்தா முழிச்சுக்க மாட்டேனோன்னு பயம். நீ படிச்சு முடிச்சா, நம்ம பொண்ணு பக்கத்துல இருக்குமேன்னு ஆசை வந்துடுச்சு. என் சுயநலத்துக்கு உன்ன வேலைய விடச் சொல்றது நியாயமா?"

அதுவரைக்கும் தள்ளிப் போடுவீர்களா என்று கேட்டேன். நொண்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன், அதனால் என்ன என்றார். சம்பளக் குழப்பம் துளியும் தீரவில்லை. ஆனால் முதல் பேஷன்ட் தயாராக இருந்தார். அன்றே வேலையை ராஜினாமா செய்தேன்.

மூன்று வருஷமும் சொன்னபடியே நொண்டினார். நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்ததும், எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நான்தான் கொடுக்க வேண்டும் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்து படுத்தார். உதடெல்லாம் உலர்ந்திருந்தது. பேச்சுக் கொடுப்பதற்காக, "இப்பவாவது சொல்லுங்க அங்கிள், எங்க சம்பளம் இனிமே எப்படி?" என்றேன்.

சிரித்தார். விரல் கிளம்பி மேலே போயிற்று. இன்னும் மேலே போயிற்று. அதற்குள் மருந்து வேலை செய்ய, கை அப்படியே சரியத் தொடங்கியது.

இப்போது புது முட்டியோடு பார்க்கிங்கை என்னைவிட வேகமாகச் சுற்றி வருகிறார். கோடு போட்டது அவருக்கு நினைவில்லை. என் கணவர்தான் விடுவதாக இல்லை. கடைசியில் அது ஏறுமுகமா, இறங்குமுகமா என்று இன்னும் நச்சரிக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும்? கை கீழே விழுவதற்குள் நான் பிடித்துக்கொண்டுவிட்டேனே.