கத்தியா, கதிரா, காத்திருப்பதா?

ஃபிரிட்ஜ்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எந்த முடிவுக்கும் வருவதில்லை என்பதே அந்த முடிவு.

அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அப்படி ஒரு சுரப்பி தம்மிடம் இருப்பதே, அது கெட்டுப்போன பிறகுதான் அவருக்குத் தெரியும். முதலில் பார்த்தவர் அறுவை சிகிச்சை செய்கிறவர். கத்தி டாக்டர் என்று ஃபிரிட்ஜ்காரர் அவருக்குப் பெயர் வைத்தார். நோய் இன்னும் சுரப்பியைத் தாண்டவில்லை, ஆனால் வேகமாக வளரும் ரகம், இப்போதே எடுத்துவிடலாம் என்றார் அவர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கதிர்வீச்சும் இதுக்கு ஒரு வழிதான். வேணும்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வாங்க."

ஃபிரிட்ஜ்காரர் திடுக்கிட்டார். அவருடைய ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: 'வேறு கடையில் காட்டிய ஃபிரிட்ஜ் இங்கே பார்க்கப்படாது.' தொழில் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"தான் சொன்னதுல தனக்கே நம்பிக்கை இல்லாத மனுஷன்" என்றார் வெளியே வந்ததும், கூட வந்திருந்த மனைவியிடம்.

"நம்பிக்கை இருக்கறவர்தான் தைரியமா அப்படிச் சொல்வார்." மனைவி பள்ளியில் அறிவியல் எடுப்பவள். தெருவுக்கே டீச்சர், அவருக்கும் டீச்சர்தான்.

"அறுவைன்னா உனக்கு அவ்வளவு சுலபமா இருக்கா?"

"எனக்கென்ன புதுசா? கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பேச்சைக் கேட்டுட்டுதானே இருக்கேன்."

உண்மையில் அவருக்குக் கத்தி என்றால் பயம். அதைவிடப் பெரிய பயம், அறுத்த பிறகு கொஞ்ச காலம் சிறுநீர் கசியலாம் என்று டாக்டர் சொன்னது. ஊரிலுள்ள லீக்கையெல்லாம் அடைத்த மனிதர் தாமே லீக் ஆவதா? இதை வெளியே சொல்ல முடியாததால், 'நாலு பேரைக் கேட்டுச் செய்யணும்' என்று சொல்லிக்கொண்டு கேட்கக் கிளம்பினார். முடிவெட்டுகிறவரைக் கேட்டார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார். மாடி வீட்டுக்காரர் மட்டும் அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி பேசினார்.

"சில பேருக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாமாம். அப்பப்ப பரிசோதனை பண்ணிட்டுச் சும்மா இருக்கலாமாம்."

ஆக, கத்தி, கதிர், காத்திரு என்று மூன்று வழிகள். ஃபிரிட்ஜ்காரர் காத்திருவில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். அது மெதுவாக வளரும் ரகத்துக்கு, உங்களுக்குச் சரிப்படாது என்று கத்தி டாக்டர் போனில் சொன்னதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. டீச்சரே போன் செய்து கேட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க எனக்கு" என்றாள் ஒரு காலையில், அவர் சட்டைக்குப் பித்தான் தைத்தபடி.

பித்தான் தைத்து முடிப்பதற்குள் அவர், கதிர்வீச்சு டாக்டரைப் போய்ப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

கதிர் டாக்டர் அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் இருந்தார். உயரம். சிரித்த முகம். அந்த வயதிலும் தலை நிறைய முடி. டீச்சரோடு போய் உட்காரும்போதே ஃபிரிட்ஜ்காரருக்கு ஆளைப் பிடிக்கவில்லை. ஊரையே குளிர வைக்கிறவர்தான், அவர் வயிறு மட்டும் சதா எரியும். செய்தி வாசிக்கிறவரை 'நல்லா வாசிக்கிறார்' என்று டீச்சர் சொன்னால் சேனலை மாற்றுவார். பால்காரரிடம் அவள் சிரித்துப் பேசியதற்காகப் பாக்கெட் பாலுக்கு மாறியவர்.

கதிர் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "உங்க விஷயத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தரும். எங்ககிட்ட வந்தா வாரத்துக்கு அஞ்சு நாள், ஒன்றரை மாசம் வரணும். எதைச் செஞ்சாலும் சீக்கிரம் செய்யுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"ஸ்கூல்ல என்கூடப் படிச்சவர். அப்பவே கெட்டிக்காரர்."

ஃபிரிட்ஜ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவருக்கு உன்னைத் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா அத்தனை தடவை சிரிச்சார்?"

"உன்னைப் பார்த்தா சிரிச்சார்?"

"பின்ன, உங்க ரிப்போர்ட்டைப் பார்த்தா சிரிப்பாங்க?"

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. டீச்சரே தொடர்ந்தாள்.

"எனக்கென்னவோ கதிர்தான் நல்லதுன்னு படுது. உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். ஒன்றரை மாசமும் லீவு போட்டுட்டு கூடவே வரேன்."

"தினமுமா?"

"தினமும்தான். நீங்க உள்ள மெஷின்ல படுத்திருக்கற நேரம் நான் வெளியில சும்மாதானே இருக்கணும். அவர்கிட்ட பழைய கதை ஏதாவது பேசிட்டு இருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அலமாரியைத் திறந்தாள். எப்போதோ உடுத்திய நீலச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். இடையில் ஏதோ ஒரு பழைய பாட்டை முனகினாள். ஃபிரிட்ஜ்காரருக்குக் கண் முன்னால் எல்லாம் தெரிந்தது: உள்ளே தாம் அசையாமல் மல்லாந்து கிடப்பது, கதவுக்கு வெளியே அந்தத் தலைமுடி குனிந்து சிரிப்பது. நோயாவது ஒரு சுரப்பியோடு நின்றது. இது உடம்பு முழுக்கப் பரவியது.

சேலை மடிப்பு ஆறுவதற்குள் கத்தி டாக்டருக்குப் போன் போட்டார்.

"எப்ப அறுக்கறீங்க?"

"இன்னொரு டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்க்க வேண்டியதுக்கு மேலயே பார்த்தாச்சு. நீங்க அறுங்க."

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவசரப்படாதீங்க. கதிர் டாக்டரை இன்னொரு தடவை பார்த்துட்டு..."

"ஒரு தடவையும் வேண்டாம். கத்தி டாக்டர் எவ்வளவு கண்ணியமான மனுஷன், நீயும் பார்த்தேல்ல? பேசறதெல்லாம் என்கிட்டதான். உன் பக்கம் திரும்பக்கூட இல்ல. அந்த மாதிரி ஆள் கையில உயிரையே கொடுக்கலாம்."

கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கசிவும் இருந்தது, பிறகு குறைந்தது. கடையில் உட்கார்ந்து, பயமே இல்லாமல் தாமே கத்தியைத் தேர்ந்தெடுத்த கதையை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். குடும்பத்தையும் சேர்த்துக் காப்பாற்றிய பகுதியை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரத்தப் பரிசோதனை முடிந்து, முடிவு தெரிந்துகொள்ள இருவரும் போனார்கள். டீச்சர் கத்தி டாக்டர் அறை முன் பெஞ்சில் உட்கார, இவர் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கதிர் டாக்டர் எதிர்ப்பட்டார். ஜெயித்தவருக்கு வம்பிழுக்கத் தோன்றியது.

"என்ன டாக்டர், பழைய ஸ்கூல் சிநேகிதமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எந்த ஸ்கூல் சார்?"

"நீங்களும் என் வீட்டுக்காரியும் படிச்ச ஸ்கூல்."

கதிர் டாக்டர் சிரித்தார். "நான் படிச்சது பசங்க ஸ்கூல் சார். ஒரு பொண்ணுகூட, கூடப் படிக்கல. இன்னைக்கும் அந்த வருத்தம் உண்டு."

ஃபிரிட்ஜ்காரர் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார்.

"ஏன் பொய் சொன்னே?"

டீச்சர் தடுமாறவில்லை. "கதிர்னா ஒன்றரை மாசம் விடாம போகணும். நீங்க எந்த மாத்திரையை முழுசா முடிச்சிருக்கீங்க? இருமல் நின்னா மருந்தை நிறுத்தற ஆளு. ஆபரேஷன்னா பாதியில எந்திரிச்சு ஓட முடியாது பாருங்க. நானா சொன்னா இன்னும் பத்துப் பேரைக் கேட்டிருப்பீங்க."

கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. தலைமுடி இல்லை, பழைய கதை இல்லை, சிரிப்பு இல்லை. எல்லாம் தமக்காக அவள் கட்டிய கதை. இந்த ஒன்றுக்காகவே இன்னொரு தடவை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப, கூடப் படிச்ச டாக்டர்னு யாருமே கிடையாது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் உள்ளே கூப்பிட்டார்.

கத்தி டாக்டர் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார். நோய் இருக்கறதுக்கு அறிகுறியே இல்ல."

டீச்சருக்கு அத்தனை நாள் அடக்கியது உடைந்து கண்ணீராக வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கத்தி டாக்டர் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்.

"அழாதே. அதான் சரியாயிடுச்சே. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் இருக்கு, மறக்காம இவரைக் கூட்டிட்டு வா."

ஃபிரிட்ஜ்காரர் டாக்டரின் வாயையே பார்த்தார். அந்த 'வா'வுக்குப் பின்னால் ஒரு 'ங்க' வந்தாக வேண்டும். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஃபைலை எடுத்தார். வரவில்லை.

வெளியே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த ஆளு உன்னை 'வா'ன்னு சொன்னாரே, கவனிச்சியா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்ன, கூடப் படிச்சவளை 'வாங்க'ன்னா கூப்பிடுவாங்க?"