காருக்கு ஓர் இரவல் முதலாளி

வாருங்கள், நியாயம் அறிந்த பெருமக்களே. விக்கிரமசிங்கபுரத்தில், நூற்பாலைக்குப் பின்னால் உள்ள தெருவில், பட்டப்பகலில் நடக்கும் ஓர் அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். அதோ ஒரு வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் முத்துராணி. மழையிலும் மஞ்சிலும் மாஞ்சோலை மலைப்பாதையில் பதினோராண்டு அந்தக் காரை ஏற்றி இறக்கியவள். தேயிலைத் தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் கீழே வந்த நாள்களில், பாயையும் பாத்திரத்தையும் மட்டுமல்ல, அடையில் இருந்த கோழியையும் ஒரு முட்டை உடையாமல் கொண்டு சேர்த்தவள். அந்தக் காரை விற்க அவளுக்கு உரிமை உண்டா? தாளில் உண்டு. தெருவில் இல்லை.

காரைப் பார்க்க வந்த முதல் ஆள், அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுல ஆம்பளைக யாரும் இல்லையா தாயி?"

"வண்டி என் பேர்லதான் இருக்கு. எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க அண்ணாச்சி."

"அது சரி. விவரம் தெரிஞ்ச ஆளு வரட்டும். பிறகு பேசுவோம்."

போனவர் திரும்பவில்லை. அடுத்து வந்த மூவரும் அதே வாசலில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

முத்துராணிக்கோ நாள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் வேன் ஓட வேண்டும். கார் விலைபோனால்தான் வேன் வரும். வேன் வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

ஆகவே அவள் எதிர்வீட்டு இசக்கிமுருகனை இரவல் கேட்டாள். ஆலையில் நூல் பார்த்து ஓய்வுபெற்றவர். மீசை உண்டு, குரல் உண்டு. ஆனால் ஆயுளில் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவர். அவர் காரை ஒருமுறை வலம் வந்து, கோயில் யானையைப் பார்ப்பதுபோல் வாய்பிளந்து நின்றார்.

"இதையா தாயி நீ ஒத்தையில மலை ஏத்துன?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க ஓனர் மாதிரி நின்னா போதும்."

வியாழக்கிழமை ஒருவர் வந்தார். "பேட்டரி எங்கன இருக்கு?" என்றார். இசக்கிமுருகன் கம்பீரமாக நடந்துபோய் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குடை இருந்தது. வந்தவர் குடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பைய நழுவினார்.

முத்துராணி ஏற்பாட்டைத் திருத்தினாள். "நான் ஒரு தடவை இருமினா ஆமான்னு சொல்லுங்க. ரெண்டு தடவை இருமினா இல்லைன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வந்தவரிடம் கேள்விகள் நிறைய இருந்தன. ஆகவே இருமலும் நிறையத் தேவைப்பட்டது. பத்தாவது நிமிடம் அவர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"வண்டிப் புகையில அந்தம்மாவுக்கு நெஞ்சே கெட்டுப்போச்சு போலுக்கே. இத வாங்கிட்டுப் போயி என் பிள்ளைகளையும் இரும விடவா வே?"

மறுபடியும் திருத்தம். சனிக்கிழமை இசக்கிமுருகன் வாயே திறக்கக் கூடாது. சொரிமுத்து அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு பேசா நோன்பு இருக்கிறார் என்று முத்துராணி சொல்லிவிடுவாள். கழுத்தில் மாலையும் போட்டாயிற்று. வந்தவர் காரைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வாயக் கட்டுத அளவுக்கு நேர்த்திக்கடன்னா, இந்த வண்டியில எத்தனை பேரும்மா போய்ச் சேர்ந்தாங்க?"

பொழுது சாய்வதற்குள் அது ஊரறிந்த பேய்க்கார் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். மாலையைக் கழற்றிவிட்டு இசக்கிமுருகன் காத்திருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து சாலமோன் என்பவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தங்க நிறச் சட்டமிட்ட கண்ணாடி. அவருக்கு இரண்டடி பின்னால், கைப்பையோடு, கிரேஸ் என்ற பெண்மணி.

சாலமோன் ஒன்றும் கேட்கவில்லை. பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினார். முத்துராணிக்கு மெய்சிலிர்த்தது. ஓடாத எஞ்சினைத் தொட்டே நாடி பார்க்கும் மனிதரை அவள் இந்தப் பதினோராண்டில் கண்டதில்லை. இசக்கிமுருகனும் விடவில்லை. மறுபக்கம் போய்க் கைவைத்து அவரும் கண்களை மூடினார். இரண்டு மேதைகளுக்கு நடுவே கார் மூச்சடங்கி நின்றது. தெருவே பயபக்தியோடு பார்த்தது.

"நல்ல வண்டி," என்றார் சாலமோன்.

"நல்ல வண்டி," என்றார் இசக்கிமுருகன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி."

இசக்கிமுருகனுக்கு வியர்த்தது. "வாங்கப் போறவுக ஓட்டிப் பாக்குததுதான் முறை. நீங்க ஏறுங்க."

"சேச்சே. உங்க வண்டி. நீங்கதான் ஏறணும்."

"விருந்தாளிய நிக்க வச்சுட்டு நான் ஏறுனா நல்லாவா இருக்கு? ஏறும் வே."

ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிட்டபடியே இருவரும் பின்வாங்கினார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த இருக்கை, யாரும் நுழையத் துணியாத கருவறைபோல் வெறுமையாகக் கிடந்தது. சாலமோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.

வேன் கைநழுவிப் போவதை முத்துராணி கண்ணால் கண்டாள். இசக்கிமுருகன் கையிலிருந்த சாவியைப் பறித்தாள்.

"போதும் அண்ணாச்சி. வண்டி என்னுது. ஓட்டுனது நான். இவுக எதிர்வீட்டுக்காரவுக, சைக்கிள்தான் தெரியும். பொம்பளைகிட்ட வாங்க மாட்டேம்னா இப்பமே சொல்லிட்டுப் போயிருங்க."

சாலமோன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிறையிலிருந்து விடுபட்டவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை தாயி, தப்பிச்சேன். வண்டி வாங்க வந்தது இந்த கிரேஸ் அக்கா, டிரைவிங் ஸ்கூல் நடத்துதாங்க. போன இடமெல்லாம் ஆம்பளையக் கூட்டிட்டு வான்னுட்டாங்கன்னு, அவங்ககிட்ட மூணு மாசம் படிச்சும் கியர் மாத்தத் தெரியாத என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

பெருமக்களே, அந்த இரண்டு பெண்களும் ஓட்டிப் பார்த்து விலை பேசி முடிக்கக் காரேறிப் பாபநாசம் சாலையில் போய்விட்டார்கள். இங்கே நின்று வேடிக்கை பார்த்தது போதும். வீட்டுக்குப் போங்கள், நாளை உங்கள் ஊரில் ஒரு பெண் வண்டி விற்க நின்றால், விவரத்தை அவளிடம் கேளுங்கள்.